குழிமேட்டில் கணக்குப் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் நடக்கிற சண்டையை விடாமல் படித்து வருகிறேன். வாழ்நாள் முழுக்க அக்கிரமம் செய்துவிட்டுக் கடைசி மூச்சில் ‘இயேசுவை நம்புகிறேன்’ என்று சொன்னால் மோட்சம் கிடைக்கும் என்றால் இது என்ன நியாயம் என்று ஒருவர் கேட்டார். அதற்கு மறுநாள் ஒருவர் ஏழெட்டு வசனங்களை அடுக்கி, நம்பினால் நித்திய ஜீவன், நம்பாவிட்டால் நரகம், இதில் பேச என்ன இருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டார். மூன்றாவதாக வந்த கடிதம், இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களின் முன்னோர்கள் எல்லாம் ரொட்டிக்கும் பால்பவுடருக்கும் மாறியவர்கள், இவர்களுக்கு என்ன இரட்சிப்பு வேண்டிக்கிடக்கிறது என்கிற மாதிரி எழுதியிருந்தது. சரி, நானும் ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். வேத சாஸ்திரம் படித்தவனும் அல்ல. ஆனால் இந்த இரட்சிப்பு விஷயத்தை என் அளவுக்கு இத்தனை பேர் வாயிலிருந்து இத்தனை தடவை கேட்டவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவாகத்தான் இருப்பார்கள். களியக்காவிளையில் எனக்கு ஒரு பெட்டி விற்கிற கடை இருக்கிறது. பெட்டிக்கடை இல்லை, சவப்பெட்டிக் கடை. 26 வருடமாக இதுதான் தொழில். முன்பெல்லாம் அயனி மரமும் மாமரமும் அறுத்துச் செய்வோம், இப்போது பிளைவுட்டும் ரப்பர் மரமும்தான், உள்ளே சாட்டின் துணி, ஓரத்தில் லேஸ். எல்லைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை வரைக்கும், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் பெட்டி போகும். கூடவே நானும் போவேன், மூடி பூட்டவும் கயிறு கட்டி இறக்கவும் பழகிய கை வேண்டுமே. அப்படிப் போனால் ஒரு ஓரமாக நின்று பிரசங்கம் முழுவதையும் கேட்டே ஆகவேண்டும், தப்பிக்க வழியில்லை. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை என்றால் ஐயர், கத்தோலிக்கர் என்றால் அச்சன், பெந்தெகொஸ்தே என்றால் பாஸ்டர், இரட்சணிய சேனை என்றால் கேப்டனோ மேஜரோ. தமிழிலும் கேட்டிருக்கிறேன், மலையாளத்திலும் கேட்டிருக்கிறேன்.

பெட்டி மூடியில் எழுதுகிற வாசகமே ஆளுக்கு ஆள் வேறு. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எங்கள் சி.எஸ்.ஐ.காரர்கள் எழுதச் சொல்வார்கள். கத்தோலிக்கருக்கு ‘இறைவனில் இளைப்பாறுகிறார்’. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ‘கர்த்தாவில் நித்ர ப்ராபிச்சு’ என்று மலையாள எழுத்தில். சேனைக்காரர்கள் மட்டும் செத்துப்போனார் என்ற பேச்சையே எடுக்காமல் ‘மகிமைக்கு உயர்த்தப்பட்டார்’ என்பார்கள், பட்டாளத்தில் பதவி உயர்வு கிடைத்த மாதிரி. பெந்தெகொஸ்தேகாரர்களில் சிலர் பெட்டியில் சிலுவை வேண்டாம் என்பார்கள், அதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூடியைக் கழற்றி மறுபடி பெயிண்ட் அடிக்கிற வேலை நமக்கு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரே ஊரில் ஞானஸ்நானம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே இவர்களுக்குள் எவ்வளவு தூரம் பாருங்கள். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் கைக்குழந்தைக்குக் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தேயில் விவரம் தெரிந்தபிறகு தண்ணீரில் முழுக்கு. இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமே கிடையாது, திருவிருந்தும் கிடையாது. 1865ல் லண்டனில் வில்லியம் பூத் ஆரம்பித்த சபை அது, பெயரிலேயே இரட்சிப்பை வைத்துக்கொண்டு நடக்கிறது. ஆனால் குழிமேட்டில் நாலு பேரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: இந்த மனிதன் செய்தது போதாது, இவனுக்காக இன்னொருவர் செய்தது போதும். வார்த்தைதான் வேறு. ஒருவர் இரட்சிப்பு என்பார், ஒருவர் மீட்பு என்பார், ஒருவர் ரக்ஷ என்பார்.

‘நம்பினால் போதுமா’ என்று கேட்ட வாசகருக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நம்புவது என்பதை அவர் ‘ஆமாம் என்று ஒப்புக்கொள்வது’ என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அது நம்பிக்கை இல்லை என்று வேதமே சொல்கிறது, யாக்கோபு எழுதியதில் ‘பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன’ என்று இருக்கிறது. என் அப்பா பனையேறி. தளைநார் அறுந்துபோகாது என்று கீழே நின்று ஆயிரம் பேர் சொல்லலாம், அது நாரைப் பற்றிய அபிப்பிராயம். காலை அதில் கொடுத்து உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி மேலே போகிறவன்தான் நாரை நம்புகிறவன். அவன் பேச்சை வைத்துத் தெரியாது, அவன் எங்கே நிற்கிறான் என்பதை வைத்துத் தெரியும். அதனால்தான் ‘கிரியையில்லாத விசுவாசம் செத்தது’ என்று அதே யாக்கோபு சொல்வதும், ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்று பவுல் எபேசியருக்கு எழுதியதும் எனக்கு ஒன்றை ஒன்று அடிப்பதாகத் தெரியவில்லை. புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு ஆரம்பம் வைத்த மார்ட்டின் லூத்தருக்கு அப்படித் தெரிந்தது, யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்றே சொல்லிவிட்டார். பெரிய ஆள், சொல்லலாம். அவர் 1517ல் ஆரம்பித்து வைத்த சண்டைக்கு எத்தனை தலைமுறை, எத்தனை யுத்தம். கடைசியில் 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் சேர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். நம்முடைய புண்ணியத்தால் இல்லை, கிருபையால் மட்டுமே கிறிஸ்துவின் மேல் உள்ள விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அப்புறம் நற்கிரியை செய்ய ஆவியானவர் நம்மைத் தயார்ப்படுத்துகிறார் என்பது அதன் சாரம். பிறகு மெத்தடிஸ்டுகள் 2006ல் சேர்ந்தார்கள், சீர்திருத்த சபையினர் 2017ல் சேர்ந்தார்கள். இங்கே எங்கள் ஊரில் இன்னும் அதற்கு நோட்டீஸ் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

என்னோடு வேலை செய்கிற ஆசாரி இந்து. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு மாதம் தவறாமல் போகிறவர். எத்தனையோ பெட்டிகளுக்கு அவர்தான் மூட்டு சேர்த்திருக்கிறார், பிரசங்கங்களையும் என்னோடு சேர்ந்து கேட்டிருக்கிறார். ஒருநாள் இழைத்துக்கொண்டே கேட்டார், “கடைசில கும்பிட்டாப் போதும்னா உங்க சாமி கணக்குல கொஞ்சம் வீக்காண்ணே?” நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அவரே சொன்னார், எங்க பக்கத்திலயும், பெருமாளைக் கும்பிடுற வைணவத்துல, இந்த வழக்கு உண்டு, வடகலைக்காரர் குரங்குக்குட்டி என்பார்கள், தென்கலைக்காரர் பூனைக்குட்டி என்பார்கள் என்று. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி விட்டால் விழுந்தது. பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய்தான் கழுத்தைக் கவ்விக்கொண்டு போகும். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் அடித்துக்கொண்ட விஷயத்தை இந்த மனிதர் உளியைத் தீட்டிக்கொண்டே இரண்டு குட்டிகளில் சொல்லிவிட்டார். எனக்கு மனதுக்குள் பூனைக்குட்டிதான். ஆனால் பூனைக்குட்டியும் தாய் வாயில் இருக்கும்போது திமிறாமல் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது? நம்பிக்கை என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆனால் முதல் கடிதக்காரரின் கேள்வி லேசான கேள்வி இல்லை. அதை நான் ஒரு வீட்டு முற்றத்தில் நேரிலேயே கேட்டிருக்கிறேன். இறந்தவர் வயதானவர், ஆயுள் முழுக்கக் குடி. சாவதற்கு மூன்று நாள் முன்னால் மனந்திரும்பி அழுது ஜெபித்தாராம். பிரசங்கியார் இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனை எடுத்துப் பேசினார், ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்ற வசனம். கூட்டம் ஆமென் சொல்லிற்று. என் பக்கத்தில் நின்ற மூத்த மகன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அம்மைய அடிச்சே கொன்னாரு, இப்ப நேரா பரலோகமா?” என்றான். அவனிடம் எந்த வசனத்தைச் சொல்வீர்கள்? எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து லூக்காவை எடுத்துப் படித்தேன். அந்தக் கள்ளன் ஒரு காரியம் செய்கிறான், பிரசங்கியார் அதை விட்டுவிட்டார். ‘நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்’ என்கிறான். தான் செய்ததை மறைக்கவில்லை, குறைத்துச் சொல்லவில்லை. அதே லூக்காவில் சகேயு இருக்கிறான், வரி வசூலித்துக் கொழுத்தவன். இயேசு அவன் வீட்டுக்குள் வந்தபிறகு, யாரும் கேட்காமலே, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று சொன்னது அப்போதுதான். பணம் கொடுத்து வாங்கவில்லை, விருந்தாளி முதலிலேயே வந்தாயிற்று. ஆனால் வந்த வீட்டில் கல்லாப்பெட்டி மூடிக் கிடக்கவில்லை. சாகக் கிடந்த மனிதருக்கு நாலத்தனையாகத் திருப்பித்தர நேரம் இல்லை, மனைவியும் இல்லை. தேவன் அவரை மன்னித்திருக்கலாம், மன்னித்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். அதற்காக அந்த மகன் ஆமென் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவனுக்குப் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. பிரசங்கியார் அதை ஒரு வார்த்தையில் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கு நின்று கேட்டிருப்பான். சொல்லாததால் அவன் பாதியிலேயே தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டான், மண் போடக்கூட வரவில்லை.

பால்பவுடர் கடிதத்துக்கு அதிகம் எழுதப்போவதில்லை. 1806ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி மயிலாடிக்கு வந்த காலத்தில் எங்கள் பாட்டிமார் மாராப்புப் போடக்கூடாது என்று இந்தத் திருவிதாங்கூரில் சட்டம் இருந்தது, 1859ல் உத்திரம் திருநாள் மகாராஜா அறிக்கை போடும் வரைக்கும் அதற்காக அடிதடியும் தீவைப்பும் நடந்தது. அப்படி வாழ்ந்த ஜனத்துக்கு உடுப்பும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்ததைப் பார்த்து ‘ஆத்துமாவுக்காக வரவில்லை, வயிற்றுக்காக வந்தார்கள்’ என்று சொல்கிறவர்கள் எங்கள் பழைய வேதாகமத்தில் மாற்கு 5ஆம் அதிகாரத்தைப் பார்க்கட்டும். பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கோடு கஷ்டப்பட்ட பெண்ணிடம் ‘உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது’ என்று இயேசு சொல்கிறார். அதே வரி 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘உனது நம்பிக்கை உன்னைக் குணமாக்கிற்று’ என்று இருக்கிறது. மூல மொழியான கிரேக்கத்தில் இரட்சிப்பும் குணமாவதும் அங்கே ஒரே சொல். உடம்பை விட்டுவிட்டு ஆத்துமாவை மட்டும் கரையேற்றுகிற வேலை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

என் அம்மா போன வருடம் இறந்தார். பெட்டியை நானே செய்தேன், அயனி மரத்தில், பிளைவுட் வைக்க மனம் வரவில்லை. அம்மா அறுபது வருடத்துக்கு மேல் சி.எஸ்.ஐ. கோயிலில் அதே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஒரு சபையில் ஊழியம் செய்கிறார், சபை பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். அவர் எப்போது வீட்டுக்கு வந்தாலும் அம்மாவிடம் ‘இரட்சிக்கப்பட்டீர்களா, எந்தத் தேதியில்’ என்று கேட்பார். அவர்கள் சபையில் தேதி சொல்ல வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தன் பிறந்த தேதியே தெரியாது. ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார், “அது எனக்குத் தெரியாது மக்ளே, அவருக்குத் தெரியும். நான் அவர விட்டுட்டு வேற எங்க போவேன்?” அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார், பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

அடக்கத்தின்போது ஐயர் முடித்தபிறகு இவரும் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று வந்தார். மறுக்க முடியவில்லை. குழிமேட்டில் நின்று சொன்னார், ‘இந்தத் தாயார் இரட்சிப்பின் நிச்சயத்தோடு போனார்களா என்பது நமக்குத் தெரியாது, ஆனால் இங்கே நிற்கிற உங்களுக்கு இன்னும் சமயம் இருக்கிறது.’ கயிறு என் கையில் இருந்தது. என் தங்கை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கயிற்றைப் பிடித்திருக்கிறவன் என்ன சொல்ல முடியும், பெட்டி சரிந்துவிடும்.

அந்த ஊழியக்காரர் நல்ல மனிதர்தான். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இரத்தம் வேண்டும் என்றபோது முதலில் வந்து கொடுத்தவரே அவர்தான். ஆனால் நம்பிக்கையினால் மட்டுமே மீட்பு, செய்கையினால் இல்லை என்று எல்லோரையும்விட உரக்கச் சொல்கிறவர், ஒரு கிழவியின் நம்பிக்கையையே ஒரு செய்கையாக்கி, தேதி போட்டு ரசீது கேட்கிறார். இலவசம் என்று சொல்லிவிட்டு வாசலில் டிக்கெட் கேட்கிற மாதிரி. ‘இது தேவனுடைய ஈவு’ என்று பவுல் எழுதியது உண்மையானால், அந்தக் கணக்குப் புத்தகம் கொடுத்தவர் கையில் இருக்கிறது, எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பவுல் தன்னைப் பற்றியே ‘நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச் சொல்லுகிறதில்லை’ என்று கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். பிறகு மற்றவர் பெட்டியின்மேல் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? அம்மா சொன்ன பதில் வேறு எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். யோவான் 6ஆம் அதிகாரத்தில் பலர் விட்டுப்போனபோது, ‘நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ’ என்று இயேசு கேட்டதற்கு பேதுரு சொன்னது: ‘ஆண்டவரே, யாரிடத்தில் போவோம், நித்தியஜீவ வசனங்கள் உம்மிடத்தில் உண்டே.’ படிக்கத் தெரியாத அம்மா கீரைக்கட்டை வைத்துக்கொண்டு அதையேதான் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. நித்திய ஜீவன் என்றாலே செத்தபிறகு கிடைக்கிற இடம் என்று இரண்டு தரப்புக் கடிதங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. யோவான் 5ஆம் அதிகாரத்தில், விசுவாசிக்கிறவனுக்கு ‘நித்தியஜீவன் உண்டு’ என்றுதான் இருக்கிறது. உண்டாகும் என்று இல்லை, கிடைக்கும் என்று இல்லை. தமிழ் தெரிந்தவர்களுக்கு உண்டு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது இப்போதே ஆரம்பித்துவிட்டது என்றால் பெட்டிக்குள் வைத்துத் தேட வேண்டாம், அந்த ஆள் நடந்து திரிந்த காலத்தில் அவரோடு இருந்தவர்களைக் கேட்டால் போதும்.

பிரசங்கமே செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நட்டாலத்து நீலகண்டப் பிள்ளையை, அதாவது தேவசகாயம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள், மாடும் பயிரும் போய், நல்லது செய்த வீட்டுக்கு ஏன் இந்தக் கெடுதி என்று உடைந்துபோயிருந்தவரிடம், திருவிதாங்கூர் படையில் இருந்த டிலனாய் என்ற ஐரோப்பியர் எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. அதில் வரவும் செலவும் கடைசி வரை நேராகாது, நீதிமான் ஏன் கஷ்டப்பட்டான் என்பதற்கு யோபுவுக்குப் பதிலே கிடைக்காது. அதைக் கேட்டுத்தான் அவர் 1745ல் வடக்கன்குளம் போய் ஞானஸ்நானம் எடுத்தார். 1752 ஜனவரி 14ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022ல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள். அவருக்கு வைத்த லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம். பெத்தானியாவில் அந்த முதல் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவும் ஒரு கேள்வி கேட்டார், ‘இதை விசுவாசிக்கிறாயா’ என்று. யாரிடம்? உயிரோடு இருந்த அவன் சகோதரி மார்த்தாளிடம். எதைப் பற்றி? தன்னைப் பற்றி, ‘நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கேட்டார். செத்துக் கிடந்தவனுக்கு நிச்சயம் இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லறை கிட்டே வந்தபோது அழுதார், அவ்வளவுதான்.

ஐயர்மாருக்கும் அச்சன்மாருக்கும் பாஸ்டர்மாருக்கும் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான்: கேட்க வேண்டியதை எங்களிடம் கேளுங்கள், நாங்கள் நின்று கேட்கிறோம், மழை பெய்தாலும் கேட்கிறோம். பெட்டிக்குள் இருப்பவரை விட்டுவிடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, தேவையில்லாததை வெட்டிக்கொள்ளுங்கள். பாறசாலைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து மதியம் ஆர்டர் வந்திருக்கிறது. பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் சி.எஸ்.ஐ., ஒருவர் பெந்தெகொஸ்தே, மகள் கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மூடியில் என்ன எழுதுவது, எந்த மொழியில் எழுதுவது என்று போனில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரிக்குள் சொன்னால் தேவலை, பெயிண்ட் காய வேண்டும்.

இப்படிக்கு,
பெட்டி செய்கிறவன்,
களியக்காவிளை